வாசகர் கேள்வி பதில்: செமி ஹாலோ கிட்டாருக்கு எந்தப் பிக்கப்?

விலை குறைந்த செமி ஹாலோ (உடலின் உள்ளே ஓரளவு வெற்றிடம் கொண்ட) மின்கிட்டார்களின் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் உறுப்பை, மாற்றுவது குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றி வந்துள்ள அக்கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது இரண்டு ஹம்பக்கர்கள் (இரட்டைச் சுருள் பிக்கப்புகள்) கொண்ட, விலை குறைந்த செமி ஹாலோ கிட்டார். கழுத்துப் பக்கமுள்ள நெக் பிக்கப்பில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து) வாசித்தால் ஒலி மந்தமாகவும் குழம்பியும் வருகிறது. பிரிட்ஜ் பிக்கப்போ மெலிந்து, காதைக் குத்துகிறது. நான் பெரும்பாலும் டிஸ்டார்ஷன் இல்லாமல் ஜாஸும் ப்ளூஸும் வாசிப்பவன். அவுட்புட் அதிகமுள்ள பிக்கப்பைப் போடும்படி நண்பர் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் நண்பரின் யோசனை கனமான டிஸ்டார்ஷனுடன் வாசிப்பவருக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது அவுட்புட் குறைவான, தெளிவான பிக்கப். ஆனால் அதையும் உடனே வாங்கிவிட வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் பிக்கப்பின் உயரம் சரியாக வைக்கப்படாத கிட்டாரில் வழக்கமாகக் காணப்படுபவை. தந்தி நெக் பக்கத்தில் அகலமாக அதிர்கிறது. பிரிட்ஜை நெருங்க நெருங்க அந்த வீச்சு சுருங்குகிறது. ஆகவே ஒரே மாதிரியான இரண்டு பிக்கப்புகளை ஒரே உயரத்தில் பொருத்தினால் நெக் பக்கம் ஓங்குவதும் பிரிட்ஜ் பக்கம் மெலிவதும் இயல்பே. விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில் நடந்திருப்பது இதுதான்.

கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்தத் திருகாணிக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். நெக் பக்கத்தில் சுமார் 2.4 மி.மீ., பிரிட்ஜ் பக்கத்தில் சுமார் 1.6 மி.மீ. என்பது கிப்ஸன் வகைக் கிட்டார்களில் தொடங்குவதற்கு ஏற்ற அளவு. உங்கள் நெக் பிக்கப் மந்தமாக இருப்பதால், அதன் தடித்த தந்திப் பக்கத்தை இன்னும் சற்று இறக்கிவிட்டு, மெல்லிய தந்திகளுக்குக் கீழுள்ள திருகாணிகளை மட்டும் அரைச்சுற்று, ஒரு சுற்று என்று உயர்த்திக் கேளுங்கள். கார்டிலுள்ள சுரங்கள் தனித்தனியே பிரிந்து கேட்கத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் அகப்பட்டுவிட்டால் பிக்கப் மாற்றும் எண்ணத்தையே சிலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது வால்யூம் பாட், அதாவது வால்யூம் கைப்பிடிக்குக் கீழே உள்ள, திருகினால் மின்தடை மாறும் உறுப்பு. ஹம்பக்கர்களுக்கு 500 கிலோ ஓம் பாட் என்பதே வழக்கம். 250 கிலோ ஓம் பாட் இருந்தால் உச்ச ஸ்தாயியின் ஒரு பகுதி அதன் வழியே வடிந்துபோகும்; எவ்வளவு நல்ல பிக்கப்பைப் போட்டாலும் அந்த மந்தம் ஓரளவு எஞ்சி நிற்கும். கிட்டாரைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, மறுமுனையின் நுனியிலும் உடலிலும் மல்டிமீட்டரின் இரு ஊசிகளையும் வையுங்கள். ஸ்விட்சை ஒரு பிக்கப்புக்கு மட்டும் தள்ளி, வால்யூமை முழுவதும் ஏற்றினால் மீட்டர் காட்டுவது, ஏறத்தாழ, அந்தப் பிக்கப்பின் மின்தடை. இப்போது மீட்டரை 200 கிலோ ஓம் வரம்புக்கு மாற்றி, வால்யூமை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அளவு ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, வால்யூம் முழுவதும் குறையும்போது பூஜ்யத்துக்கு இறங்கும். அந்த உச்ச அளவின் நான்கு மடங்குதான் பாட்டின் மதிப்பு. உச்சம் 125 கிலோ ஓமை ஒட்டியிருந்தால் பாட் 500. 65ஐ ஒட்டியிருந்தால் 250. வால்யூமைக் குறைத்தபோது அளவு பூஜ்யத்துக்கு இறங்காமல் ஏறிக்கொண்டே போய் நின்றால், உங்கள் கிட்டாரில் வயரிங் வேறு விதமானது. அப்போது மீட்டரை இன்னும் பெரிய வரம்புக்கு மாற்றிப் பார்த்தால், இறுதியில் நிற்கும் அளவே பாட்டின் மதிப்பு. பாட்டின் மேல் அச்சிட்ட எண்ணுக்கும் உண்மை அளவுக்கும் இடையே 20 சதவீத வேறுபாடு சகஜம் என்பதால், 420 அல்லது 560 வந்தால் பதற வேண்டியதில்லை.

பலரும் பாட்டை விட்டுவிட்டு டோன் கெபாசிட்டரை மாற்றுகிறார்கள். டோன் கைப்பிடி முழுவதும் ஏற்றியிருக்கும்போது 0.022 மைக்ரோ ஃபாரடுக்கும் 0.047க்கும் உள்ள வேறுபாட்டைக் காது அறியாது. கைப்பிடியைக் குறைக்கும்போதுதான் அது தெரியும். கெபாசிட்டரின் பெயரும் நிறமும் ஒலியை மாற்றும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடம் கொடுக்க நான் விரும்பவில்லை.

உயரமும் பாட்டும் சரியாக இருந்தும் மந்தம் தீரவில்லை என்றால், அப்போது பிக்கப்பைக் குறை சொல்லலாம். மலிவான ஹம்பக்கர்கள் பலவற்றின் உலோக மூடி பித்தளையால் செய்யப்பட்டு, மேலே நிக்கல் முலாம் பூசப்பட்டதாக இருக்கும். மின்சாரம் பித்தளையில் எளிதில் பாயும் என்பதால், மூடிக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி உச்ச ஸ்தாயியைத் தின்றுவிடுகிறது. தரமான மூடிகள் நிக்கல் சில்வர் என்னும் உலோகக் கலவையால் ஆனவை. பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. மூடியின் உட்புற விளிம்பை லேசாகச் சுரண்டிப் பார்த்து, மஞ்சள் தெரிந்தால் பித்தளை என்று அறியலாம்.

இனித் தேர்வுக்கு வருவோம். உங்கள் கிட்டாரின் வடிவம் 1958ஆம் ஆண்டு கிப்ஸன் நிறுவனம் வெளியிட்ட இ.எஸ்-335இலிருந்து வந்தது. மேப்பிள் ஒட்டுப்பலகையால் ஆன மெல்லிய கூடு, அதன் நடுவே நெடுக ஓடும் திடமான மரக்கட்டை, இரு புறமும் வெற்றிடம் என்பதே அதன் அமைப்பு. அந்தக் கிட்டாரில் இருந்த பிக்கப்பு, அந்நிறுவனத்தில் பணிபுரிந்த சேத் லவர் வடிவமைத்து 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர். விண்ணப்பம் நிலுவையில் இருப்பதைக் குறிக்கும் சீட்டு ஒட்டப்பட்டிருந்ததால் அவற்றுக்கு பி.ஏ.எஃப் (Patent Applied For) என்ற பெயர் நிலைத்துவிட்டது. 42 கேஜ் செப்புக் கம்பி, அல்னிகோ என்னும் உலோகக் கலவையால் ஆன காந்தம், 7.5 முதல் 8.5 கிலோ ஓம் வரையிலான மின்தடை என்பவை அவற்றின் பொதுவான இலக்கணம். இன்று ‘விண்டேஜ்’ என்று பெயரிட்டு விற்கப்படும் ஹம்பக்கர்களில் பெரும்பாலானவை இந்த இலக்கணத்தைப் பின்பற்றுபவையே. உங்கள் தேவைக்கு இவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பிக்கப்பின் சுருளும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலியைத் தூக்கிக் காட்டும். அதற்கு மேலுள்ள ஸ்தாயிகள் சரிந்துவிடும். சுமார் 4.5 ஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் சுருளின் குணம்) கொண்ட பி.ஏ.எஃப் வகைப் பிக்கப்பை ஆறு மீட்டர் கேபிளோடு இணைத்தால் அந்த மேடு 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி அமையும். கம்பியைக் கூடுதலாகச் சுற்றி இண்டக்டன்ஸை 8 ஹென்றி ஆக்கினால் அதே மேடு 2,300 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தந்தியைத் தொடும் விரலின் ஓசை, மரக்கூட்டின் காற்றோட்டமான குணம் என்று செமி ஹாலோவை நாம் விரும்புவதற்குக் காரணமான நுட்பங்கள் பலவும் அந்த இறக்கத்தில் மங்கிப்போகின்றன. அவுட்புட் அதிகமுள்ள பிக்கப் கெட்டது என்பதல்ல. ஏற்கெனவே மந்தமாக ஒலிக்கும் நெக் பக்கத்தில் அது நிலைமையை மேலும் மோசமாக்கும்.

மின்தடை எண்ணை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். 43 கேஜ் கம்பி 42 கேஜைவிட மெல்லியது. ஆகவே சுற்றுகள் கூடாமலே மின்தடை கூடும். மேலும் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே 8 கிலோ ஓம் பிக்கப் 300 ஓம் கூடுதலாகக் காட்டும். அப்படியிருக்க, 7.8க்கும் 8.0க்கும் இடையே ஒருவர் இரவெல்லாம் ஊசலாடுவதில் பொருளில்லை.

நெக் பக்கத்துக்கு 7.2 முதல் 7.6 கிலோ ஓம் வரையிலானதையும் பிரிட்ஜ் பக்கத்துக்கு 8 முதல் 8.5 கிலோ ஓம் வரையிலானதையும் ஜோடியாக வாங்குங்கள். ஒரே கம்பி, ஒரே காந்த வகை என்றால்தான் இந்த ஒப்பீடு செல்லும் என்பதை மறக்க வேண்டாம். பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்காக: கிப்ஸனின் 57 கிளாசிக், அதற்கு ஜோடியாகப் பிரிட்ஜ் பக்கத்துக்கென்று சற்றுக் கூடுதலாகச் சுற்றப்பட்ட 57 கிளாசிக் பிளஸ், சீமோர் டங்கனின் 59, டிமார்ஸியோவின் பி.ஏ.எஃப் 36ஆம் ஆண்டு மாதிரி ஆகியவை இந்த வகையில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளவை. உங்கள் நெக் பிக்கப்தான் முதன்மையான குறை என்பதால் அதை மட்டும் முதலில் மாற்றிவிட்டு, சில வாரங்கள் வாசித்த பிறகு பிரிட்ஜைப் பற்றி யோசிப்பதே என் தேர்வாக இருக்கும்.

கேள்வி: கிட்டாரின் விலையையே எட்டும் அளவுக்குப் பிக்கப்புகளின் விலை இருக்கிறது. இவ்வளவு செலவு செய்வது தகுமா?

பதில்: கிட்டார் சுருதியில் நிற்கிறது, ஃப்ரெட்டுகள் தேயவில்லை, கழுத்து நேராக இருக்கிறது என்றால் தகும். சுருதி நிற்கவில்லை என்றால் முதலில் நட்டையும் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பதியும் பட்டை) சாவிகளையும் சரிசெய்யுங்கள்; பிக்கப் காத்திருக்கட்டும். பழைய பிக்கப்புகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், பின்னாளில் கிட்டாரை விற்கும்போது அவற்றைத் திரும்பப் பொருத்திவிட்டு, புதியவற்றை அடுத்த கிட்டாருக்குக் கொண்டுபோகலாம்.

கேள்வி: என் கிட்டாரிலுள்ள ஹம்பக்கர்களில் செராமிக் காந்தம் இருப்பதாகத் தெரிகிறது. பிக்கப்பை மாற்றாமல் காந்தத்தை மட்டும் அல்னிகோவாக மாற்றினால் பயன் உண்டா?

பதில்: உண்டு, துணிந்து செய்யக்கூடியவருக்கு இதுதான் மிகச் சிக்கனமான வழி. ஹம்பக்கரின் அடியில், இரண்டு சுருள்களுக்கும் நடுவே, பட்டையான ஒரே ஒரு காந்தம் கிடக்கிறது. செராமிக் காந்தம் வலுவானது, அதன் ஒலி விறைப்பானது. அல்னிகோ 5 அதைவிடச் சற்று மென்மையாகவும், அல்னிகோ 2 இன்னும் தளர்வாகவும் இளகியும் ஒலிக்கும் என்பது வாசிப்பவர்களின் பொதுவான அனுபவம். அல்னிகோ தானே மின்சாரம் கடத்தும் உலோகம் என்பதால் சுருளின் குணத்தையும் சற்றே மாற்றுகிறது. ஆயினும் காந்தத்தை மாற்றினால் சுருளிலுள்ள சுற்றுகளின் எண்ணிக்கை மாறாது. 14 கிலோ ஓம் அளவுக்குச் சுற்றப்பட்ட பிக்கப்பில் எந்தக் காந்தத்தை வைத்தாலும் அது பி.ஏ.எஃப் ஆகிவிடாது. முதலில் மேலே சொன்ன முறையில் மின்தடையை அளந்து, 8 அல்லது 9 கிலோ ஓமுக்குள் இருந்தால் காந்தத்தை மாற்றிப் பாருங்கள். அதற்கு மேல் இருந்தால் அந்த உழைப்பைப் புதிய பிக்கப்புக்குச் செலவிடுவதே நல்லது. எடுக்கும் காந்தத்தின் நீள அகலத் தடிமனை அளந்த பிறகே புதியதை வாங்க வேண்டும். பழையதன் எந்த விளிம்பு திருகாணிகள் உள்ள சுருளின் பக்கம் இருந்தது என்பதையும் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். அது ஏன் முக்கியம் என்பது இந்தப் பகுதியின் கடைசிக் கேள்வியில் வருகிறது.

கேள்வி: மேடையில் ஒலியைக் கூட்டினால் கிட்டார் ஊளையிடுகிறது. மெழுகில் தோய்த்த பிக்கப் போட்டால் நிற்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: எந்த ஊளை என்பதைப் பொறுத்தது. ஆம்பின் ஒலி கிட்டாரின் கூட்டையும் தந்திகளையும் அதிரவைத்து, அந்த அதிர்வு மீண்டும் ஆம்புக்குப் போய்ச் சுழலும்போது எழுவது அடித்தொண்டை முழக்கம். குறிப்பிட்ட ஒரு சுரத்தில் அது கிளம்பும். தந்தியைக் கையால் அணைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பிக்கப்பின் உள்ளே தளர்ந்திருக்கும் கம்பியோ மூடியோ தானே அதிர்ந்து மைக் போல வேலை செய்யும்போது எழுவது கூர்மையான கீச்சொலி. தந்திகளை அணைத்த பிறகும் அது நிற்காது. மூடியை விரல் நகத்தால் தட்டினால் அந்தத் ‘டக்’ ஓசை ஆம்பில் உரக்கக் கேட்கும்.

மெழுகு இரண்டாவதற்கு மட்டுமே மருந்து. 1950களின் பி.ஏ.எஃப்கள் மெழுகில் தோய்க்கப்படாதவை. அவற்றை அப்படியே பின்பற்றுவதால், சீமோர் டங்கன் நிறுவனத்தின் சேத் லவர் மாதிரியும் தோய்க்கப்படாமலே வருகிறது. அடக்கமான ஒலியில் அதன் உயிரோட்டம் அலாதியானது. அதிக டிஸ்டார்ஷனோடு ஆம்பின் அருகே நிற்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் வகை முழக்கத்துக்கு நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுவதும், ஆம்பில் பேஸைக் குறைப்பதும், எஃப் வடிவத் துளைகளை அடைப்பதும்தான் வழி. ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் துணியைத் துளைகளுக்குள் திணித்து வாசித்தவர். 1980இல் கிப்ஸன் அவர் பெயரில் வெளியிட்ட கிட்டாரில் அந்தத் துளைகளே இல்லை. துளையின் வடிவத்தில் நறுக்கிய ஸ்பாஞ்சைச் செருகி முதலில் சோதித்துப் பாருங்கள், வேண்டாதபோது எடுத்துவிடலாம். உங்கள் கிட்டாரின் நடுவே கட்டையே இல்லாமல் முழுக்க உள்ளீடற்றதாக இருந்தால், எந்தப் பிக்கப்பும் இந்த விஷயத்தில் பெரிய உதவி செய்யாது.

கேள்வி: எல்லா ஹம்பக்கர்களும் ஒரே அளவுதானா? பி-90 அல்லது ஃபில்டர்ட்ரான் வகையைப் போட முடியுமா?

பதில்: வெளிச் சுற்றளவு ஏறக்குறைய ஒன்றுதான், சிக்கல் மற்ற இடங்களில் வருகிறது. முதலாவது, முதல் திருகாணியின் மையத்துக்கும் ஆறாவது திருகாணியின் மையத்துக்கும் இடையே உள்ள தூரம். இது சிலவற்றில் 49 அல்லது 50 மி.மீ., சிலவற்றில் 52 அல்லது 53 மி.மீ. தந்திக்கு நேர்கீழே திருகாணி இல்லாமல் ஒரு மி.மீ. விலகியிருந்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாது, கண்ணுக்குத்தான் உறுத்தும். ஆனால் பழைய மூடியைப் புதிய பிக்கப்புக்குப் போட நினைத்தால் இந்த அளவு துல்லியமாகப் பொருந்தியே ஆக வேண்டும்.

இரண்டாவது, பிக்கப்பின் இரு பக்கமும் கீழ்நோக்கி மடிந்திருக்கும் கால்கள். நீளமான கால்கள் கொண்டவை உண்டு, குட்டையானவையும் உண்டு. நடுக்கட்டையில் குடைந்த குழி ஆழமில்லாமல் இருந்தால் நீளமான கால் அடியில் முட்டி நிற்கும். நெக் பிக்கப்பை இறக்க முடியாமல் போகும். மந்தத்தைத் தீர்க்க இறக்குவதுதானே நமக்கு முதல் தேவை? ஆகவே வாங்குவதற்கு முன் பழைய பிக்கப்பைத் தூக்கி, குழியின் ஆழத்தை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். மூன்றாவது, உயரத் திருகாணிகளின் மரை. அமெரிக்கத் தயாரிப்புகளில் அங்குல மரையும் ஆசியத் தயாரிப்புகளில் மெட்ரிக் மரையும் இருப்பது வழக்கம். புதிய பிக்கப்போடு வரும் திருகாணிகளையே பயன்படுத்துங்கள்; பழையதை வலிந்து திருகினால் காலிலுள்ள மரை அழிந்துவிடும். ஆனால் பிக்கப்பைச் சுற்றியுள்ள பழைய பிளாஸ்டிக் சட்டத்தை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிட்டாரின் மேற்பலகை வளைவானது. பழைய சட்டத்தின் அடிப்பக்கம் அந்த வளைவுக்கேற்ப அமைந்திருக்கும். தட்டையான சட்டத்தைத் திருகினால் நடுவில் இடைவெளி விழும், அல்லது சட்டமே விரிசல் விடும்.

பி-90, ஃபில்டர்ட்ரான் ஆகிய இரண்டுமே ஹம்பக்கர் சட்டத்தில் பொருந்தும்படி செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. பி-90 ஒற்றைச் சுருள் கொண்டது. 1961இல் அறிமுகமான, முழுக்க உள்ளீடற்ற எபிஃபோன் கஸினோவின் முரட்டுத்தனமான இனிமை அதிலிருந்து வந்ததே. மின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளக் கூடியவருக்குச் செமி ஹாலோவில் இதைவிடச் சுவையான மாற்றம் குறைவு. இரண்டு பி-90களை ஜோடியாக வாங்கும்போது ஒன்றின் சுற்றுத் திசையும் காந்த முனையும் மற்றதற்கு எதிராக இருக்கும்படி கேட்டு வாங்கினால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதாவது இரைச்சல் அடங்கும். ஃபில்டர்ட்ரான் வகை, ஹம்பக்கரின் அமைதியையும் ஒற்றைச் சுருளின் துலக்கத்தையும் ஒருங்கே விரும்புபவருக்கு. முதல் கேள்வி கேட்ட வாசகரும் இதை யோசிக்கலாம்.

கேள்வி: என் கிட்டாரின் பின்பக்கத்தில் திறப்பே இல்லை. வயரிங் முழுவதையும் எஃப் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டுமா?

பதில்: பிக்கப்பை மட்டும் மாற்றுவதாக இருந்தால் வேண்டியதில்லை. பலர் தேவையில்லாமல் இந்தச் சிரமத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய பிக்கப்பிலிருந்து உள்ளே போகும் வயரைப் பாதியில் வெட்டி, அந்த வெட்டுமுனையிலேயே புதிய பிக்கப்பை இணைத்துவிடலாம். பாட்டும் ஸ்விட்சும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தந்திகளைத் தளர்த்துவதற்கு முன், பிரிட்ஜும் அதன் பின்னுள்ள டெயில்பீஸும் தந்தியின் இழுவையால் மட்டுமே நிற்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். மேற்பலகையில் ஒரு துணியை விரித்துவிட்டே தொடங்குங்கள். சட்டத்தின் நான்கு திருகாணிகளையும் கழற்றிப் பிக்கப்பை மெல்லத் தூக்கினால், ஒரு வயர் பக்கவாட்டுத் துளைக்குள் நுழைவது தெரியும். அதைப் பிக்கப்பிலிருந்து சுமார் பத்து சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். உள்ளே இருக்கும் முனை நழுவிக் கூட்டுக்குள் விழாதபடி ஒரு கிளிப்பைப் போட்டு வைப்பது நல்லது. சால்டர் செய்வதற்கு முன்பே ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கும்) குழாயின் ஒரு மெல்லிய துண்டையும் ஒரு தடித்த துண்டையும் வயரில் கோத்துவிடுங்கள். பிறகு கோக்க வழியில்லை. பின்னல் வயராக இருந்தால் பின்னலைப் பின்னுக்குத் தள்ளிப் பிரித்து முறுக்கி, நடுக்கம்பியை நடுக்கம்பியோடும் பின்னலைப் பின்னலோடும் இணைத்து, நடுக்கம்பியின் இணைப்பை மெல்லிய குழாயாலும் மொத்த இணைப்பைத் தடித்த குழாயாலும் மூடுங்கள். மூடாமல் விட்ட பின்னல் உள்ளே பாட்டின் காலையோ ஜாக்கின் நுனியையோ தொட்டால் ஒலி அடியோடு நின்றுவிடும். அதைத் தேடிப் பிடிக்க மீண்டும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

புதிய பிக்கப்பில் நான்கு வண்ண வயர்கள் இருந்தால், அந்த நிறுவனம் தந்த விளக்கப்படத்தை மட்டுமே நம்புங்கள். சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல். சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக இணைந்து தனியே மூடப்பட வேண்டும். பச்சையும் உறையில்லாத வயரும் எர்த். டிமார்ஸியோவில் பச்சையும் உறையில்லாததும் அதேபோல எர்த். ஆனால் சிக்னல் சிவப்பு, ஒன்றாக இணைய வேண்டியவை கறுப்பும் வெள்ளையும். டங்கன் பிக்கப்பை டிமார்ஸியோவின் படத்தைப் பார்த்து இணைத்தால் ஒரு சுருள் தனக்குள்ளேயே ஷார்ட் ஆகி, மற்றொன்று மட்டும் வேலை செய்யும். ஒலி மெலிந்து, இரைச்சலோடு வரும். மீட்டரில் 8 கிலோ ஓம் வர வேண்டிய இடத்தில் 4 வந்தால் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும். எல்லாவற்றையும் திருகி மூடுவதற்கு முன்பு ஆம்பில் செருகி, பிக்கப்பின் மேல் ஒரு இரும்புத் திருப்புளியால் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

பாட்டையும் மாற்றுபவர்கள் மட்டும் துளை வழியாக எடுத்தாக வேண்டும். பாட்டின் நட்டைக் கழற்றியதும் அதன் தண்டில் உறுதியான நூலைக் கட்டிவிட்டே உள்ளே தள்ளுங்கள். ஜாக்குக்கும் ஸ்விட்சுக்கும் அவ்வாறே. திரும்பப் பொருத்தும்போது அந்த நூலை அதற்குரிய துளை வழியாக இழுத்தால் பாட் தானே வந்து உட்காரும். தண்டில் இறுக்கமாகச் செருகும் ரப்பர் குழாய் நூலைவிடவும் வசதியானது. விலை குறைந்த கிட்டார்களில் சிறிய பாட்டுகளும் அவற்றுக்கேற்ற சிறிய துளைகளும் இருக்கும். பெரிய பாட்டுக்காகத் துளையை அகலப்படுத்தும்போது டிரில்லைத் தவிர்த்து, கையால் சுழற்றும் ரீமரைப் பயன்படுத்தினால் ஒட்டுப்பலகையும் வார்னிஷும் பெயராது.

கேள்வி: நெக் பிக்கப்பை மட்டும் மாற்றினேன். தனித்தனியே இரண்டும் நன்றாக ஒலிக்கின்றன. ஸ்விட்சை நடுவில் வைத்தால் மட்டும் ஒலி மெலிந்து, மூக்கால் பாடுவது போல் கேட்கிறது. பிக்கப் பழுதா?

பதில்: பழுது இல்லை. இரண்டு பிக்கப்புகளும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன. ஒன்று தள்ளும் நேரத்தில் மற்றது இழுப்பதால் அடி ஸ்தாயி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. வெவ்வேறு நிறுவனங்களின் பிக்கப்புகளைச் சேர்க்கும்போது இது அடிக்கடி நேர்கிறது. உறுதி செய்துகொள்ள, மீட்டரை 20 கிலோ ஓம் வரம்பில் வைத்து, முதல் பதிலில் சொன்னபடி கேபிளின் முனையில் இணையுங்கள். ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, வால்யூமை முழுவதும் ஏற்றி, இரும்புத் திருப்புளியின் தட்டைப் பக்கத்தைப் பிக்கப்பின் மேல் படியவைத்துச் சட்டென்று மேலே இழுங்கள். அந்த நொடியில் மீட்டரின் எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். மற்றப் பிக்கப்பிலும் அதே திசையில் நகர்ந்தால் ஃபேஸ் சரி. எதிர்த் திசையில் நகர்ந்தால் தவறு. முள் உள்ள பழைய மீட்டரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

புதிய பிக்கப் நான்கு வயர் கொண்டதாக இருந்தால் தீர்வு எளிது. உறையில்லாத வயரை எர்த்திலேயே விட்டுவிட்டு, சிக்னல் வயரையும் எர்த்துக்குப் போகும் வண்ண வயரையும் இடம் மாற்றி இணைத்தால் போதும். பின்னல் வயர் கொண்டதில் இப்படிச் செய்யக் கூடாது. அங்கே பின்னல், அடித்தகடோடும் மூடியோடும் இணைந்திருப்பதால், மாற்றி இணைத்தால் மூடி முழுவதும் சிக்னலாகிவிடும். கை பட்டாலே இரையும். அப்போது செய்யக்கூடியது காந்தத்தைத் திருப்பி வைப்பது. இரண்டு பிக்கப்புகளில் எதில் திருப்பினாலும் பலன் ஒன்றே என்பதால், மூடியில்லாதது ஒன்று இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மூடி உள்ளதென்றால் அடித்தகட்டின் இரு ஓரங்களிலும் உள்ள சால்டரை உருக்கி முதலில் மூடியைக் கழற்ற வேண்டும். மெழுகில் தோய்த்தது என்றால் ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கினால் இளகும். பிறகு அடித்தகட்டின் நான்கு சிறு திருகாணிகளையும் முழுவதும் கழற்றாமல் தளர்த்தி, காந்தத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளி வெளியே எடுங்கள். திருகாணிச் சுருளை நோக்கியிருந்த நீள விளிம்பு இப்போது மற்றச் சுருளை நோக்கும்படி திரும்பச் செருகி, திருகாணிகளை இறுக்குங்கள். தலைமயிரைவிட மெல்லிய சுருள் கம்பியில் திருப்புளியின் நுனி படாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே இதில் கவனம் தேவைப்படும் இடம். அது அறுந்தால் பிக்கப்பை மீண்டும் சுற்றித்தான் ஆக வேண்டும்.